நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு வரலாற்றில் என்ன நடந்தது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவராகத்தான் இருப்பீர்கள். சுருக்கமாக: 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தன. 'தமிழ்நாடு' என்ற பெயர் அன்று வரவில்லை. இந்தக் குழப்பத்தில் நான் ஒரு ஃபிளாஸ்க்கைப் பறிகொடுத்தவன்.

சென்னையில் எங்கள் அலுவலக வினாடி வினாவில் இதே கேள்வி. எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், இது தெரியாமலா? "திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் பிரிந்து வந்த நாள்" என்றேன். கேள்வி கேட்டவர் கையிலிருந்த அட்டையைப் புரட்டி, "தவறு. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆன நாள்" என்றார். ஃபிளாஸ்க் பக்கத்து மேசைக்குப் போனது.

பெயர் மாற்றத் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது 1967 ஜூலை 18. நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அந்தப் பெயருக்காக உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13-இல் இறந்தே போனார். 2019-இல் நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியதும், 2021-இல் அதை ஜூலை 18-க்கு மாற்றியதும் குழப்பத்தைக் கூட்டிவிட்டன. எது சரி என்று நான் சொல்ல வரவில்லை, கட்சிச் சண்டைக்கு ஆள் நானில்லை.

எங்களுக்கு நவம்பர் 1 வேறு கணக்கு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்கள் வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதியும். தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டன. இதற்கு முன்னால் 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இந்த இணைப்புக்காகப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தாத்தா அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வெற்றிலையை மடித்தபடியே இருப்பார், வாயில் போட மறந்துவிடுவார்.

உடனே கேரள வெறுப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் அத்தையைக் கட்டிக்கொடுத்ததே எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடனுக்காகத் தாத்தாவின் பழைய பத்திரத்தை ஒரு வங்கிக்குக் கொண்டுபோனேன். மலையாளத்தில் எழுதியது, ஆண்டு 1120. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்ன சார், சோழர் காலமா?" என்றார். கொல்லம் ஆண்டு, 825-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி, தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுவாருங்கள்" என்றார். அப்புறம் என்ன, பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குத்தான் ஓடினேன்.