படைப்புத் துறையில் என்மீது எனக்கே நம்பிக்கை வருவது எப்படி? அடுத்தவர் சாயல் இல்லாமல் நானாக இருப்பது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: மூன்று வருடமாக, அலுவலக வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து வரைகிறீர்கள். மற்றவர்களின் படங்களைப் பார்த்தால் இருக்கிற தைரியமும் போய்விடுகிறது. வரைவதெல்லாம் யாரோ ஒருவரின் சாயலில் வந்து நிற்கிறது. வேலையை விட்டு முழுநேரமாக இறங்க ஆசை, ஆனால் முதலில் நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள்.

நான் 14 வருடமாகப் புத்தக அட்டைக்கும் பத்திரிகைக் கதைகளுக்கும் படம் வரைந்து பிழைப்பு நடத்துகிறேன். நம்பிக்கை முதலில் வந்து, அதன் பிறகு வேலை நடந்தது என்று எனக்கு ஒரு நாளும் இல்லை. வேலை முடியும், அச்சாகும், அதற்கும் பல வாரம் கழித்து எதற்கோ அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போது 'பரவாயில்லையே' என்று தோன்றும். அவ்வளவுதான் வரும். அதுவும் தாமதமாகத்தான் வரும்.

ஆரம்பத்தில் பாராட்டுகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இருந்தது. யாராவது நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பேன். மனம் சோர்ந்த இரவுகளில் அதைத் திறப்பேன். 'இவர் மரியாதைக்குச் சொன்னது', 'இவருக்கு ஓவியமே தெரியாது', 'அது பழைய படம், இப்போது அந்த மாதிரி வரைய வராது' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவேன். பத்து நிமிடத்தில் ஃபோல்டர் முழுவதும் செல்லாக்காசு ஆகிவிடும். திறப்பதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான மனநிலையில் போய்ப் படுப்பேன்.

அப்புறம் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மூன்று வரி எழுதுவேன்: எங்கே மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன். பாராட்டும் கிடையாது, புலம்பலும் கிடையாது. உதாரணமாக ஒரு குறிப்பு: 'மழையில் நிற்கும் கூட்டம். குடையை வரைந்தால் முகம் மறைகிறது. குடையை அப்படியே விட்டு, ஈரத் தரையில் தெரியும் பிரதிபலிப்பில் முகங்களை வரைந்தேன்.' படிக்க ஒன்றும் சுவாரசியம் இல்லைதான். ஆனால் இதை என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பிரதிபலிப்பை வரைந்தது நான்தானே? அதை மரியாதைக்காக யாரும் சொல்லவில்லையே?

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. கிட்டத்தட்ட எல்லா வேலையிலும் பாதி வழியில் 'மொத்தமும் பாழ்' என்று தோன்றும் ஒரு கட்டம் வந்திருக்கிறது. நன்றாக வந்த படங்களுக்கும் வந்திருக்கிறது, சுமாரானவற்றுக்கும் வந்திருக்கிறது. ஆக, அந்த எண்ணம் படத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பாதி வழி வந்தாயிற்று என்பதை மட்டும் சொல்கிறது. இது புரிந்த பிறகும் அந்தக் கட்டம் வராமல் இல்லை. வரும்போது தாளைக் கிழிப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

இதற்கெல்லாம் ஒரு விளக்கம் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், 'இது என்னால் முடியும்' என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருவதாகச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடம்பு அப்போது இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வார்த்தையால் ஏற்றிவிட்ட நம்பிக்கை சீக்கிரம் இறங்கிவிடும். என் ஃபோல்டர் மூன்றாவது வகை, நோட்டு முதல் வகை.

மற்ற இரண்டையும் உங்கள் கதையில் வைத்துப் பாருங்கள். பிறரைப் பார்ப்பது எப்போது உதவும்? ஏறக்குறைய நம்மைப் போன்ற ஒருவர் தட்டுத்தடுமாறிச் செய்து முடிப்பதைப் பார்த்தால் உதவும். நீங்கள் பார்ப்பதோ இருபது வருடம் உழைத்தவரின் முடிந்த படத்தை, அதுவும் அவர் தேர்ந்தெடுத்துக் காட்டும் ஒன்றை. அடித்துத் திருத்திய தாள்களை யாரும் காட்டுவதில்லை. பிறகு உடம்பு. நாள் முழுக்க அலுவலகத்தில் உழைத்துவிட்டு இரவு 11 மணிக்குப் படத்தைப் பார்த்து 'குப்பை' என்கிறீர்கள். அந்தத் தீர்ப்பில் பாதியைச் சொல்வது தூக்கம். இரவில் வரையுங்கள், ஆனால் மதிப்பெண் போடுவதை விடுமுறை நாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். நான் இன்றைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தப் படத்தையும் நிராகரிப்பதில்லை.

'ஒரு நல்ல இடத்துக்கு வந்துவிட்டால் இந்தச் சந்தேகம் போய்விடும்' என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். போகாது. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் இதைப் பற்றி எழுதினார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து எழுதியது அது. பட்டம், பதவி, துறையில் மரியாதை எல்லாம் இருந்தவர்கள். அவர்களுக்கும் உள்ளுக்குள் 'எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் மாட்டிக்கொள்வேன்' என்ற எண்ணம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்று 'இம்போஸ்டர்' (போலி ஆள்) என்று எல்லோரும் வாயில் போட்டுக் குதப்பும் சொல் அங்கிருந்து வந்ததுதான். சாதனை கூடினால் இது தானாகக் கரைந்துவிடும் என்றால் அவர்களுக்கு இருந்திருக்கவே கூடாது.

எனக்கு இதில் பிடித்த ஆள் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய். 1760இல் பிறந்தவர். எங்கே பார்த்தாலும் தென்படும் அந்தப் பெரிய அலைப் படத்தை வரைந்தபோது வயது எழுபதை ஒட்டி. அதற்குச் சில வருடம் கழித்து ஓர் ஓவியத் தொகுதியின் பின்னுரையில், எழுபதுக்கு முன்பு வரைந்த எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல, 73 வயதில்தான் விலங்குகளும் செடிகொடிகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்பது ஓரளவு பிடிபட்டது, இன்னும் முன்னேற வேண்டும் என்ற பொருளில் எழுதினார். இதில் அழுகை இல்லை என்பதைக் கவனியுங்கள். தன் வேலை போதாது என்று நமக்கும்தான் தோன்றுகிறது, அவருக்கும் தோன்றியது. நாம் அதை வைத்து மூலையில் உட்காருகிறோம், அவர் நூறு வயது தாண்டியும் வரையத் திட்டம் போட்டார். (தொண்ணூறுக்குள் இறந்துவிட்டார், அது வேறு.) முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவரும் அவர்தான். 'நான் யார் என்று கண்டுபிடித்து அப்படியே நிலைத்து நிற்க வேண்டும்' என்று கவலைப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, சாயல் விஷயத்துக்கு வருகிறேன். 'உனக்குள்ளே தேடு, உன் குரல் கிடைக்கும்' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நானும் உள்ளே தேடிப் பார்த்தேன், அங்கே எனக்குப் பிடித்த நாலைந்து ஓவியர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கென்று ஏதோ ஒன்று இருப்பது தெரிந்தது வேறு ஓர் இடத்தில், திருத்தம் கேட்டு வந்த மின்னஞ்சல்களில்.

ஒரு முறை பழைய கணக்கு வழக்குக்காக வருடக்கணக்கான மின்னஞ்சல்களைத் தோண்ட வேண்டியிருந்தது. வெவ்வேறு வாடிக்கையாளர்கள், வெவ்வேறு கதைகள். ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'கைகள் ரொம்பப் பெரிதாக இருக்கின்றன, கொஞ்சம் குறைக்க முடியுமா?' ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக் குறைத்திருக்கிறேன். அடுத்த படத்தில் மறுபடியும் பெரிதாக வரைந்திருக்கிறேன். அந்த நாட்களில் நான் பின்பற்றிய பாணியோ மெல்லிய கோடு, வெளிறிய நிறம், சிறிய கைகால். அந்தப் பாணிக்கு உள்ளேயே என் கை என்னை மீறிக்கொண்டு இருந்திருக்கிறது.

உடனே 'என் தப்பெல்லாம் என் பாணி' என்று கிளம்பிவிடாதீர்கள். அதே மின்னஞ்சல்களில் திரும்பத் திரும்ப வந்த இன்னொரு குறை, கட்டடங்களின் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரமும் ஆழமும் தெரியும்படி வரையும் முறை, கோணலாக இருக்கிறது என்பது. அது பாணியும் இல்லை ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கண்டுபிடித்த ஒரே வழி, குறை என்று சொல்வதை முதலில் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது. பெர்ஸ்பெக்டிவைக் கற்றேன். கற்றதும் கோணல் கட்டடம் வரையும் ஆசையே இல்லாமல் போனது. கைகளையும் உடற்கூறுப்படி அளவெடுத்து மாதக்கணக்கில் வரைந்து பழகினேன். இப்போது சரியான அளவில் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். ஆனாலும் பெரிதாக வரையத்தான் பிடித்திருக்கிறது. ஏனென்று கேட்டால், ஒருவரின் முகத்தைவிடக் கையை நம்புகிறேன் என்பதுபோல ஏதோ சொல்வேன். அந்த விளக்கமும் பின்னால் ஒட்டவைத்தது என்றுதான் சந்தேகம்.

பிரதி எடுப்பதையும் நிறுத்தாதீர்கள். சாயல் வருகிறதே என்ற பயத்தில் அடுத்தவர் படங்களைப் பார்ப்பதையே விட்டவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வான்கா, தன் நிறங்கள் தனக்கென்று அமைந்துவிட்ட கடைசிக் காலத்தில், மனநல விடுதியில் இருந்தபடி பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து இருபது ஓவியங்கள் போல வரைந்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். உருவமும் அமைப்பும் மில்லேயுடையது. நிறம் அந்தத் தாளில் இல்லை, அதை அவரேதான் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஓவியங்களைப் பார்த்தால் யார் வரைந்தது என்று கேட்கவே தோன்றாது.

எனக்கு இது ஒரு பயிற்சியாகவே ஆகிவிட்டது. பிடித்த படத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவைத்து, மறுநாள் நினைவிலிருந்து வரைவேன். நினைவில் ஓட்டை இருக்கும். முகம் நினைவிருக்கும், பின்னால் என்ன இருந்தது என்பது இருக்காது. அந்த ஓட்டைகளை அடைக்க வேறு வழியில்லாமல் நம் சரக்கைத்தான் போட வேண்டும். திரையில் பக்கத்திலேயே திறந்துவைத்துக்கொண்டு கோடு கோடாக எடுத்தால் ஓட்டையே விழாது, நமக்கும் இடம் கிடைக்காது. எழுதுகிறவர்கள், இசையமைக்கிறவர்கள் செய்து பார்த்தாலும் இதே போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

லைக் எண்ணிக்கை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பதிவிட்டதும் செயலியை மூடிவிடுங்கள், அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

வாடிக்கையாளர் கேட்ட பாணியில் வரைந்தால் நேர்மை போய்விடுமா? போகாது. தையல்காரர் அடுத்தவர் அளவுக்குத் தைக்கிறார், அதனால் அவர் போலி ஆகிவிடுவதில்லை. ஆனால் யாருமே கேட்காத படம் ஒன்று எப்போதும் மேசையில் இருக்க வேண்டும். கேட்ட படங்கள் மட்டும் இருந்த இரண்டு வருடத்தில், நான் என்ன வரைவேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கடைசிக் கேள்வி, வேலையை விடலாமா என்பது. நான் விட்டபோது என்மீது எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். தன்னம்பிக்கை என்று வெளியே தெரிவதில் பெரும் பங்கு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன், கேட்க அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும். அந்தப் பணம் இருந்த தெம்பில்தான் ஒரு வாடிக்கையாளரிடம் முதல் முறையாக, 'கைகள் பெரிதாகவே இருக்கட்டுமே' என்று சொன்னேன். அவர் அந்த அட்டையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஆறு மாதச் சேமிப்பு ஐந்தாக ஆனது. அடுத்த அட்டைக்கும் கைகளைப் பெரிதாகத்தான் வரைந்து அனுப்பினேன்.