இடைவெளி விட்டுக் கட்டும் மரச்சாடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். தோதகத்தியையும் மஞ்சள் கடம்பையும் சிறு துண்டுகளாக அறுத்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, வளையம் வளையமாக ஒட்டி, 20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு பூச்சாடி கட்டினேன். வளையத்துக்கு 24 துண்டுகள்; ஒவ்வொன்றின் இரு முனைகளையும் 5 டிகிரிக்குச் சாய்த்து அறுத்தேன். லேத்தில் கடையும்போது வயிற்றுப் பகுதி தாங்கியது. கழுத்தை நெருங்கியதும் மூன்று துண்டுகள் தெறித்துப் பறந்தன. பசை மட்டமானதா? (வாசகர், தென்காசி)

பதில்: பசையைப் பழிக்க வேண்டாம். குறை கோணத்தில் இருக்கிறது. தாங்கள் எழுதிய அளவுகளே அதைச் சொல்லிவிடுகின்றன.

கொத்தனார் ஜாளிச் சுவர் எழுப்பும்போது மேல்வரிசைச் செங்கல்லைக் கீழ்வரிசையின் இடைவெளிக்கு நேராக வைத்து, அதன் இரண்டு முனைகளையும் பக்கத்துச் செங்கற்களின் மேல் ஏற்றி உட்கார வைப்பார். நம் சாடியும் அப்படித்தான் நிற்கிறது. இடைவெளி இல்லாத வளையத்தில் துண்டுகள் பக்கவாட்டிலும் ஒட்டிக்கொள்ளும்; இங்கே அந்தத் துணை அறவே இல்லாததால், ஒவ்வொரு துண்டும் கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு சிறிய தொடுபரப்புகளில் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே அந்தப் பரப்பு எவ்வளவு என்பதை மரத்தை அறுப்பதற்கு முன்பே கணக்கிட்டுவிட வேண்டும்.

24 துண்டுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் 15 டிகிரி இடம். இரு முனைகளும் 5 டிகிரி என்றால் மரம் 10 டிகிரியையும் இடைவெளி 5 டிகிரியையும் எடுத்துக்கொள்ளும். மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறும் அளவு ஒரு பக்கத்துக்கு 2.5 டிகிரிதான். 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள வயிற்றில் அது 4.4 மில்லிமீட்டர், சமாளித்துவிடலாம். ஆனால் கோணம் மாறாமல் ஆரம் மட்டும் குறையும்போது நீளமும் உடன் குறைகிறது என்பதால், கழுத்தின் விட்டம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அங்கே ஏறுவது 1.3 மில்லிமீட்டர் மட்டுமே. சுவரை 5 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கடைந்தால் ஒரு தொடுபரப்பு 7 சதுர மில்லிமீட்டர்கூட வராது. உளி ஒருமுறை அழுந்தினால் போதும், பறந்துவிடும்.

அடுத்த சாடிக்கு முனைகளை 6 டிகிரிக்கு அறுங்கள். மரம் 12 டிகிரி, இடைவெளி 3 டிகிரி, ஏற்றம் 4.5 டிகிரி, வயிற்றில் அது 7.9 மில்லிமீட்டராக உயர்ந்துவிடும், ஜன்னல் போன்ற அழகும் கெடாது. கழுத்து வளையங்களை மட்டும் 6.5 டிகிரிக்கு அறுத்து, சுவரையும் அங்கே சற்றுத் தடிமனாக விடுங்கள். அடியிலும் வாயிலும் இடைவெளி இல்லாத முழு வளையம் ஒன்று இருப்பது என் வழக்கம். அது இல்லாத சாடியை நான் லேத்தில் ஏற்றுவதில்லை.

கேள்வி: வார்னிஷ் அடித்த பிறகு இடைவெளிகளின் ஓரத்தில் வெளிறிய திட்டுகள் தெரிகின்றன. பசை பிதுங்கியதை ஈரத்துணியால் உடனுக்குடன் துடைத்துத்தான் வந்தேன். (வாசகி, சேலம்)

பதில்: அந்தத் துடைப்புதான் காரணம். ஈரத்துணி பசையை எடுப்பதைவிட, அதை நீர்க்கச் செய்து மரத்தின் நுண்துளைகளுக்குள் தேய்த்துவிடுவதே அதிகம். பசை இறங்கிய இடத்தில் வார்னிஷ் இறங்காது. அதுவே திட்டாகத் தெரிகிறது. வெளிப்புறமாக இருந்தால் கடையும்போது போய்விடும். இடைவெளியின் உட்பக்கத்துக்கோ பிறகு உளியும் போகாது, உப்புத்தாளும் போகாது.

முதலில் பசையின் அளவைக் குறையுங்கள். துண்டின் அடிமுகத்தில், இரு முனைகளிலும் மேலேறி அமரும் பகுதியில் மட்டும், நடுவில் படாமல், மெல்லிய படலமாகத் தடவி, இடத்தில் வைத்து இப்படியும் அப்படியும் ஒரு மயிரிழை நகர்த்தினால், காற்று வெளியேறித் துண்டு சட்டென்று கவ்விக்கொள்வதை விரலே உணரும். அதன்பின் 15 அல்லது 20 விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். ஓரத்தில் கடுகைவிடச் சிறிய மணிகளாகப் பசை வரிசை கட்டினால் அளவு சரி. வழிந்து இறங்கினால் அதிகம். அந்த மணிகளை உடனே தொடாதீர்கள். சுமார் அரை மணி நேரத்தில் பசை ரப்பர் போல இறுகும். அப்போது கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் நெம்பினால் முழுதாகக் கழன்று வரும்.

துண்டுகளின் இரு முனைமுகங்களையும் ஒட்டுவதற்கு முன்பே உப்புத்தாள் போட்டு முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு வளையமும் காய்ந்தபின், அதன் மேல்முகத்தில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, சமமான பலகையில் ஒட்டிய உப்புத்தாளை அதன்மேல் வைத்து லேத்தை மெல்ல ஓட்டுங்கள்; கிறுக்கல் எல்லா இடத்திலும் மறைந்தால்தான் அடுத்த வளையம் படிந்து உட்காரும். இதில் அவசரம் கூடாது. நீர் கலந்த பசை மரத்தைச் சற்று உப்ப வைப்பதால், ஈரம் வற்றுமுன் சமப்படுத்திய வளையம் காய்ந்தபின் பசைக்கோட்டருகே பள்ளமாகிவிடும். தேக்கு, தோதகத்தி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை ஒட்டுமுன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைப்பது நல்லது.

கேள்வி: பசை நன்றாகவே பிடித்திருக்கிறது. ஆனால் கடைந்து முடித்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரே பக்கத்து விளிம்பு மட்டும் சிம்பு சிம்பாகப் பெயர்ந்திருக்கிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: ஒரே பக்கம் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள், விடை அதில்தான் இருக்கிறது. உளி துண்டுக்குள் நுழையும் விளிம்புக்குப் பின்னால் மரம் இருக்கிறது. வெளியேறும் விளிம்புக்குப் பின்னால் வெறும் காற்று. தாங்கலற்ற அந்தக் கடைசி நார்கள் அறுபடாமல் பிய்கின்றன. நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓட்டத்தில் 24 துண்டு வளையம் உளியை 24,000 முறை தட்டுகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்கட்டையில் பொறுத்துக்கொள்ளப்படும் மழுங்கல் இங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இரண்டு வளையத்துக்கு ஒருமுறை என்றாலும் சலிக்காமல் உளியைத் தீட்டுங்கள். ஒரு வீச்சில் அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். வெளிப்புறத்தில் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தை நோக்கியே உளியை நகர்த்துங்கள். சுரண்டும் உளியைத் தட்டையாக வைத்து இழுத்தால் சிம்பு எழும். சாய்த்துப் பிடித்துச் சீவ வேண்டும்.

உட்புறத்தைக் கடைசிவரை ஒத்திப்போடக் கூடாது. மூன்று நான்கு வளையம் ஏறியதும், பசை காய்ந்தபின், அதுவரையிலான உட்புறத்தைக் கடைந்து முடித்துவிட்டு மேலே கட்டுங்கள். வெளிப்புறத்தில் மட்டும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் மிச்சம் வையுங்கள். சாடி முழுதாக எழுந்தபின் ஒரு நாள் காயவிட்டு அதை எடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சுழலும்போது இடைவெளிகள் கண்ணுக்கு மறைந்து, சாடி புகைபோல ஊடுருவித் தெரியும். விரல் போனால் மீளாது. உப்புத்தாளைக் கையில் மடித்துப் பிடிக்காமல் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். விளிம்புகள் மழுங்காமல் இருப்பதற்கும் அதுவே வழி. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் இன்றி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

கேள்வி: தெறித்து விழுந்த துண்டை சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சிறு சிம்பு பெயர்ந்தால் ஒட்டலாம். முழுத் துண்டுக்கு வேண்டாம். அந்தப் பசை தட்டலைத் தாங்காமல் நொறுங்கும். பழைய பசையைச் சுரண்டி மரம் தெரியும்வரை எடுத்து, அதே மரத்தில் துண்டை ஒரு மயிரளவு தடிமனாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கொண்டுவந்து, சாதாரண மரப்பசையிலேயே ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து, லேத்தை இயக்குமுன் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி, புதிய துண்டு உளிதாங்கியில் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.