கன்ட்ரோல் ரூம் கடிகாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கம்ப்யூட்டர் கடிகாரங்கள்ல செகண்ட் எண்ணிக்கை 2038 ஜனவரில நிரம்பி தேதி தப்பாப் போகும், அதைப் பத்தி போன தடவை எழுதினதுல இருந்து கேள்விகள் குவிஞ்சு கிடக்கு. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன். பிஎல்சின்னா மெஷினை ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர் (கன்ட்ரோலர்), ஸ்காடான்னா பிளான்ட்டை ஸ்கிரீன்ல பார்த்து ஓட்டுற சாஃப்ட்வேர், ஹிஸ்டாரியன்னா அளவுகளை நேரத்தோட சேமிச்சு வைக்கிற சாஃப்ட்வேர்.

கேள்வி: 2038 ஜனவரி 19 அன்னிக்கு கெமிக்கல் பிளான்ட் எல்லாம் வெடிக்கும்னு ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா?

இல்ல. பிரஷர் ஏறினா வால்வை மூடுற டிரிப் லாஜிக் பொதுவா இன்னைக்கு என்ன தேதின்னு கேக்குறதே இல்ல, மில்லிசெகண்ட் கணக்குல அளவைத் திரும்பத் திரும்பப் படிக்குற ஸ்கேன் சுத்திக்கிட்டே இருக்கும், அளவு தாண்டினா மூடும், அவ்ளோதான். கெட்டுப்போறது அதைச் சுத்தி இருக்குற விஷயங்கள். 1970-ல இருந்து 32 பிட்ல, மைனஸும் வர்ற மாதிரி செகண்ட் எண்ணுற சிஸ்டத்துல யூடிசி (உலகப் பொது நேரம்) 03:14:07-க்கு அடுத்த செகண்ட், எண்ணிக்கை நிரம்பி மைனஸுக்குப் போய் தேதி 1901 டிசம்பர் 13 ஆயிடும். அளவு ஏறி இறங்குறதைக் காட்டுற டிரெண்ட் கோடு நின்னு போகலாம், அலாரம் லாக் குழம்பலாம், நேரம் வச்சு ஓடுற டோசிங் (மருந்து கலக்குறது), பேக்வாஷ் (ஃபில்டரைக் கழுவுறது) எல்லாம் ஓடாமப் போகலாம் இல்லேன்னா திரும்பத் திரும்ப ஓடலாம். பிளான்ட் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும், உள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் ஆபரேட்டருக்குத் தெரியாது. எனக்கு பயம் அதுலதான்.

கேள்வி: எங்க மெஷின்ல தேதி தப்பா காட்டுது. என்ன செய்யணும்?

எந்த மெஷின்? தப்பா காட்டுறது பிஎல்சியா, ஆபரேட்டர் மெஷினை ஓட்டுற எச்எம்ஐ ஸ்கிரீனா, பக்கத்துல இருக்குற கம்ப்யூட்டரா? என்ன தேதி காட்டுது, எப்போ இருந்து காட்டுது? இதுல ஒன்னு கூட எழுதாம என்ன செய்யணும்னு கேட்டா நான் எதை வச்சு சொல்றது? கரண்ட் போயிட்டு வந்ததும் 1970, 2000 மாதிரி ஒரு ஆரம்பத் தேதிக்குப் போகுதுன்னா பெரும்பாலும் பேட்டரிதான். ஆனா பழைய பிஎல்சில அதே பேட்டரிதான் புரோகிராமையும் காப்பாத்திக்கிட்டு இருக்கும், பவரை ஆஃப் பண்ணிட்டு பேட்டரியைக் கழட்டினா லாஜிக் மொத்தமும் போயிடும். முதல்ல பேக்கப், அப்புறம் மேனுவல்ல சொன்ன முறைப்படி பேட்டரி. தேதியைத் திருத்துறது கடைசி வேலை, அதுவும் ஷட்டவுன்ல. ஓடுற பிளான்ட்ல கடிகாரத்தைத் தொடாதீங்க.

கேள்வி: எங்ககிட்ட எல்லா கன்ட்ரோலரும் ரெண்டு ரெண்டா இருக்கு, ஒன்னு போனா இன்னொன்னு எடுத்துக்கும். தேதிப் பிரச்சினைக்கு இது போதும்ல?

போதாது. ரெண்டுலயும் ஓடுறது ஒரே சாஃப்ட்வேர், ஒரே கடிகாரம், அதனால ரெண்டும் ஒரே செகண்ட்ல விழும்.

நியூசிலாந்துல டிவாய் பாயின்ட்னு ஒரு அலுமினியம் உருக்காலை. 1996 டிசம்பர் 31, லீப் வருஷத்தோட 366-வது நாள். அந்த நாள் ஒன்னு இருக்குங்கிறதே சாஃப்ட்வேருக்குத் தெரியல. நடுராத்திரி ஆனதும் 600-க்கு மேல இருந்த புராசஸ் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்துல நின்னுடுச்சு. உருக்குற தொட்டிகளான செல்களோட வெப்பத்தைப் பார்த்துக்க ஆள் இல்லாம சில செல் அளவுக்கு மீறி சூடாகி பாழாச்சு, நஷ்டம் பத்து லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல. ரெண்டு மணி நேரம் கழிச்சு, ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியால இருக்குற பெல் பே உருக்காலைல அதே சாஃப்ட்வேர் அதே மாதிரி நின்னுச்சு. அங்க நடுராத்திரி வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது, வேற வித்தியாசமே இல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த ஆலையே தப்பிக்கலன்னா, பக்கத்து ரேக்ல இருக்குற ஸ்டேண்ட்பை கன்ட்ரோலர் என்ன செஞ்சிடும்? ஹார்டுவேர் பழுதுக்குத்தான் ரெண்டாவது யூனிட் காப்பு.

கேள்வி: ஸ்காடா லைசென்ஸ் முடிஞ்சிடுச்சு, புதுசு வாங்க மேனேஜ்மென்ட் இழுத்தடிக்குது. கம்ப்யூட்டர் தேதியை ஒரு வருஷம் பின்னாடி வச்சா நல்லா ஓடுது. பிளான்ட்டுக்கு ஒன்னும் ஆகலையே, இதுல என்ன தப்பு?

வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடுறாங்க, ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியுது. ஒன்னும் ஆகலன்னு எதை வச்சு சொல்றீங்க? ஏதாவது ஆகியிருந்தா காட்டிக் கொடுக்க வேண்டிய சிஸ்டத்தைத்தானே நீங்க கெடுத்து வச்சிருக்கீங்க.

அலாரம் லிஸ்ட்டையே எடுத்துக்கோங்க. புதுசா வந்தது மேலன்னு நேரப்படி அடுக்குற லிஸ்ட்ல, இப்போ அடிச்ச ஹை லெவல் அலாரம் போன வருஷத்து அலாரங்களுக்கு நடுவுல எங்கயோ போய் உக்காந்துக்கும். ஆபரேட்டர் பார்க்குறது மேல இருக்குற நாலஞ்சு வரியை மட்டும்தான், ராத்திரி ஷிப்ட்ல கீழ வரைக்கும் யாரு தள்ளிப் பார்க்கப் போறா? டிரெண்ட் பழைய டேட்டாவையே காட்டிக்கிட்டு இருக்கும், அதுவும் பார்க்க ரொம்ப நிம்மதியா, கோடு நேரா இருக்கும். சில ஹிஸ்டாரியன் பழைய தேதி டேட்டாவை வாங்காமலே தள்ளிடும், சிலது போன வருஷ ரெக்கார்டு மேலயே எழுதிடும்.

நேரா போற கோடு எவ்ளோ ஆபத்துன்னு தெரியணும்னா இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கைப் பாருங்க. 2005 டிசம்பர் 11, பெட்ரோல் டேங்க் நிரம்பிக்கிட்டு இருக்கு, விடியகாலை 3 மணி வாக்குல லெவல் கேஜ் அப்படியே சிக்கிக்கிச்சு. ஸ்கிரீன்ல லெவல் மாறவே இல்ல, பைப்லைன்ல பெட்ரோல் வந்துக்கிட்டே இருந்துச்சு. தனியா வச்சிருந்த ஹை லெவல் ஸ்விட்சும் வேலை செய்யல. டேங்க் வழிஞ்சு ஆவி மேகமா பரவி காலைல 6 மணிக்கு வெடிச்சுது, 40 பேருக்கு மேல காயம், எரிபொருளும் தீயணைச்ச நுரையும் நிலத்தடி நீர் வரைக்கும் போச்சு. அங்க காரணம் தேதி கிடையாது, கேஜ்தான். ஆனா நின்னு போன கோட்டை நம்பி உக்காந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதை விட வேற சாட்சி வேணுமா? நீங்க அந்த நிலைமையை உங்க கையாலேயே உண்டாக்கி வச்சிருக்கீங்க.

இன்னும் இருக்கு. டொமைன் லாகின், அதாவது யாரு உள்ள வரலாம்னு ஒரு சர்வர் முடிவு பண்ற ஏற்பாடு இருக்குற இடத்துல, சர்வர் கடிகாரத்துக்கும் உங்க கம்ப்யூட்டருக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தாலே உள்ள விடாது, அது டீஃபால்ட் செட்டிங். எமர்ஜென்சில இன்ஜினியர் ஓடி வந்து லாகின் பண்ணினா கதவு திறக்காது. பராமரிப்பு சாஃப்ட்வேரும் இதே கடிகாரத்தைப் பார்த்தா ரிலீஃப் வால்வை (பிரஷர் மீறினா திறந்து விடுற வால்வு) செக் பண்ண வேண்டிய தேதி வரவே வராது. புகைபோக்கி எமிஷன் ரெக்கார்டும், வெளியேத்துற கழிவுநீரோட நாள் கணக்கும் பொய்த் தேதியில பதிவாகும், நாளைக்கு ஆத்துல மீன் செத்து மிதந்தா உங்ககிட்ட காட்ட ஒரு நல்ல ரெக்கார்டு கூட இருக்காது. லைசென்ஸுக்கு காசு இல்லன்னா அதை எழுத்துல மேனேஜ்மென்ட்டுக்குக் கொடுங்க, நகல் வச்சுக்கோங்க. அடுத்த ஷட்டவுன்ல தேதியை சரி பண்ணுங்க. அதுவரைக்கும் மணிக்கொரு தடவை ஆள் நேர்ல போய் லோக்கல் கேஜைப் பார்த்து பேப்பர்ல எழுதட்டும்.

கேள்வி: 2038-க்கு இப்பவே தேதியை மாத்தி வச்சு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமா?

பண்ணணும், ஆனா ஓடுற பிளான்ட்ல இல்ல. தேதியை 2038-க்குத் தள்ளினா, ஒரு வருஷத்துக்கு மேல பழசான டேட்டாவை அழின்னு வச்சிருக்குற ஹிஸ்டாரியன் மொத்தத்தையும் பழசுன்னு நெனச்சு அழிச்சிடும், கம்ப்யூட்டர்கள் ஒன்னையொன்னு நம்புறதுக்கு வச்சிருக்குற டிஜிட்டல் சர்டிபிகேட் எல்லாம் காலாவதி ஆயிடும். தேதியைத் திருப்பி வச்சாலும் அழிஞ்சது வராது.

டெஸ்ட்டே விபத்தா முடிஞ்ச கதையும் இருக்கு. 1999 ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ், வான் நைஸ் பகுதி கழிவுநீர் நிலையத்துல, ஒய்டூகே (2000-ம் வருஷத் தேதிப் பிரச்சினை) ஒத்திகைக்காக கரண்ட்டை நிறுத்தினாங்க, ஒரு கேட் மூடிக்கிச்சு, 30, 40 லட்சம் காலன் சாக்கடைத் தண்ணி பக்கத்துப் பூங்காவுக்குள்ள போச்சு. ஸ்பேர் கன்ட்ரோலரை டேபிள் மேல வச்சு, பிளான்ட் நெட்வொர்க்கோட சேர்க்காம டெஸ்ட் பண்ணுங்க. 2038 மட்டும் போதாது, பிப்ரவரி 28-ல இருந்து 29, லீப் வருஷ டிசம்பர் 31, இதெல்லாமும் பாருங்க. தேதி தாண்டினதும் பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, தாண்டும்போது சும்மா இருந்துட்டு ரீஸ்டார்ட்ல விழுற சிஸ்டமும் உண்டு.

கேள்வி: ஒய்டூகேல ஒன்னுமே நடக்கல. இதுவும் காசு புடுங்குற வேலைதானே?

வருஷக்கணக்கா உக்காந்து சரி பண்ணினாங்க, அதனால பெருசா நடக்கல. அதையும் மீறி 2000 ஜனவரி 1 அன்னிக்கு ஜப்பான்ல, இஷிகாவால கதிர்வீச்சு கண்காணிப்புக் கருவி நடுராத்திரி பழுதாச்சு. கதிர்வீச்சு ஏதும் கசியல, ஆனா கசிஞ்சா சொல்ல வேண்டியது அந்தக் கருவிதான்.

கேள்வி: எங்க சப்ஸ்டேஷன்ல நேரம் ஜிபிஎஸ்ல இருந்து வருது, அது தப்பாகாதுல்ல?

ஆகும். ஜிபிஎஸ் வாரத்தை 1024 வரைக்கும்தான் எண்ணும், அப்புறம் பூஜ்யம். 1999 ஆகஸ்ட், 2019 ஏப்ரல், அடுத்தது 2038 நவம்பர். 2019-ல நியூயார்க் நகரத்தோட சொந்த வயர்லெஸ் நெட்வொர்க் இதுல பத்து நாள் வாக்குல முடங்கிச்சு. பழைய ரிசீவர்ல, அதுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரைப் பொறுத்து இந்தத் தேதி வேற எப்போ வேணா கூட வரலாம், அதனால எந்தத் தேதி வரைக்கும் தாங்கும்னு தயாரிப்பாளர்கிட்ட எழுத்துல கேளுங்க. நேரம் ஒத்துப்போகலன்னா விசாரணையும் திணறும். 2003 ஆகஸ்ட் 14 அமெரிக்கா-கனடா மின்தடைல 5 கோடி பேர் இருட்டுல இருந்தாங்க, பல ரெக்கார்டர்ல நேரம் ஒன்னுக்கொன்னு பொருந்தாததால எது முதல்ல விழுந்துச்சுன்னு வரிசைப்படுத்தவே பெரும்பாடு பட்டாங்க.

கேள்வி: மாசம் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க, எதுக்குன்னு யாரும் சொல்லல.

கவுன்டர் நிரம்புறதுக்காக இருக்கும். 32 பிட்ல மில்லிசெகண்ட் எண்ணினா கிட்டத்தட்ட 50 நாள்ல நிரம்பும், ரீஸ்டார்ட் பண்ணினா திரும்ப பூஜ்யத்துல இருந்து எண்ணும். 2004 செப்டம்பர்ல ஒரு ரீஸ்டார்ட் விட்டுப்போனதுல லாஸ் ஏஞ்சலஸ் விமானக் கட்டுப்பாட்டு மையத்துல ரேடியோ பேச்சே நின்னுச்சு, நூத்துக்கணக்கான விமானம் வானத்துல இருந்துச்சு. காரணத்தை எழுதி பேனல் கதவுலயே ஒட்டி வைங்க.

கேள்வி: சின்ன தண்ணி சுத்திகரிப்பு நிலையம், இன்ஜினியர் கிடையாது. குறைஞ்சபட்சம் என்ன பண்ணலாம்?

நல்ல கேள்வி. கடிகாரம் இருக்குற ஒவ்வொரு பெட்டியையும் நோட்டுல எழுதுங்க, பேட்டரி எப்போ மாத்தினதுன்னும் சேர்த்து. குளோரின் டோசிங் தேதியை நம்பி ஓடுதா, ஃப்ளோவை நம்பி ஓடுதான்னு கண்டுபிடிங்க, தேதின்னா டோசிங் பம்புக்கு ஒரு நாள் உச்ச அளவு வச்சு தனியா கட்ஆஃப் போடச் சொல்லுங்க. கையால குளோரின் அளக்குற கிட் காலாவதி ஆகாம இருக்கான்னு பாருங்க. மேனுவலா ஓட்டுறது எப்படின்னு வால்வு நம்பரோட எழுதி, வருஷத்துக்கு ஒரு தடவை ராத்திரி ஷிப்ட் ஆளை வச்சே ஓட்டிப் பாருங்க. தேதி தப்பா இருந்தாலும், ஓடும்போது மட்டும் கடிகாரத்தைத் தொடாதீங்க.