பாட்டுப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அமெரிக்கக் கிராமிய மரபிலிருந்து வந்த கன்ட்ரி இசையில் ஒரே ஒரு பெண் குரலைத்தான் கேட்க முடியும் என்றால் பேட்ஸி கிளைனைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். உயிரோடு இருந்தபோது வந்தவை மூன்றே ஆல்பங்கள், முதலிடம் பிடித்தவை இரண்டே பாட்டுகள். இவ்வளவு கொண்டாட என்ன இருக்கிறது?

ப: நீங்கள் சொல்லும் கணக்கு சரி. ஆல்பங்கள் 1957, 1961, 1962-இல் வந்தன. கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகள் 1961-இல் 'ஐ ஃபால் டு பீசஸ்', 1962-இல் 'ஷீஸ் காட் யூ'. ஆனால் அந்த வருடங்களுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இந்த எண்களை எடைபோடக் கூடாது.

வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டர்காரரான பேட்ஸி, 1954-இல் ஃபோர் ஸ்டார் என்ற கலிபோர்னியா இசைத்தட்டுக் கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டார். எந்தப் பாட்டின் பதிப்புரிமை அந்தக் கம்பெனியிடம் இருந்ததோ, அதை மட்டும்தான் அவர் பதிவு செய்யலாம். கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத்தில் நல்ல பாட்டு எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தும் அவர்கள் பாட்டு இவருக்குக் கிடைக்கவில்லை. அப்படி 50-க்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பாடினார். ஓடியது ஒன்றே ஒன்று, 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'. 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் போட்டியில் அதைப் பாடி ஜெயித்தார். அம்மா தைத்துக் கொடுத்த கௌபாய் பாணி உடையைப் போட விடாமல், விருந்துக்குப் போகிற மாதிரி ஒரு கவுனைப் போட வைத்தார்கள். பாட்டு கன்ட்ரி பட்டியலில் 2, பாப் பட்டியலில் 12. அப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் பெரிதாக ஒன்றுமே இல்லை.

1960-இல் ஒப்பந்தம் முடிந்து, டெக்கா கம்பெனியோடு நேரடியாகச் சேர்ந்தார். அந்த நவம்பரில் நடந்த முதல் பதிவிலேயே கிடைத்ததுதான் 'ஐ ஃபால் டு பீசஸ்'. பாடியது அதே குரல். தயாரிப்பாளரும் 1955-இலிருந்து கூடவே இருந்த ஓவன் பிராட்லிதான். மாறியது கைக்கு வந்த பாட்டு. கடைசிப் பதிவு 1963 பிப்ரவரியில். எனவே அவருடைய பதிவு வாழ்க்கையை 1960 நவம்பரிலிருந்துதான் நான் எண்ணுவேன். சுமார் இரண்டேகால் வருடம். அதற்குள் கிடைத்த வெற்றிகளா குறைச்சல்?

கே: ஒரே பாட்டு ஒரு பட்டியலில் 2, இன்னொன்றில் 12 என்று எப்படி வருகிறது?

ப: பில்போர்டு பத்திரிகை கன்ட்ரிக்கும் பாப்புக்கும் தனித்தனிப் பட்டியல் போடுகிறது. 1957 வாக்கில் கன்ட்ரிக்குள்ளேயே கடை விற்பனைக்கு ஒன்று, வானொலி ஒலிபரப்புக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1958 அக்டோபரில்தான் எல்லாம் ஒரே பட்டியலானது. ஒரு கன்ட்ரிப் பாட்டு பாப் பட்டியலிலும் ஏறினால், கன்ட்ரி நிலையங்களைத் திருப்பாதவர்களும் அதைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

ராக் அண்ட் ரோல் வந்து கேட்பவர்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. பிராட்லி போன்றவர்கள் நாட்டுப்புற பாணிப் பிடிலையும், கம்பிமேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, பியானோவையும் வயலின் வரிசையையும் மென்மையான கூட்டுக் குரலையும் முன்னால் கொண்டுவந்தார்கள். 'நாஷ்வில் சவுண்ட்' என்று அதற்குப் பெயர். பேட்ஸிக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. யோடலிங்கோடு (குரலைச் சட்டென்று மேலும் கீழும் மாற்றிப் பாடுவது) கூடிய அசல் கன்ட்ரி பாடத்தான் ஆசை. 'ஐ ஃபால் டு பீசஸ்' கூட 1961 ஜனவரியில் வெளிவந்து, மெதுவாக ஏறி, ஆகஸ்டில்தான் முதலிடம் வந்தது.

கே: விபத்துக்குப் பிறகு ஊன்றுகோலோடு வந்து 'கிரேஸி'யைப் பாடினார் என்பது உண்மையா?

ப: உண்மைதான். 1961 ஜூன் 14 அன்று நாஷ்வில்லில் அவர் வந்த காரும் எதிரே வந்த காரும் மோதிக்கொண்டன. நெற்றி கிழிந்தது, மணிக்கட்டு உடைந்தது, இடுப்பு எலும்பு பிசகியது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேதான் 'ஐ ஃபால் டு பீசஸ்' பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 21 அன்று ஊன்றுகோலோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். குவான்செட் ஹட் என்று அதைச் சொல்வார்கள். ராணுவத்தில் பயன்படுத்துகிற அரைவட்டத் தகரக் கொட்டகைதான். அங்கே வழக்கம் மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டு. அன்று பெரும்பகுதி நேரம் இந்த ஒரு பாட்டிலேயே போனது. விலா வலியில் மேல் ஸ்வரங்களில் நிற்க முடியவில்லை. பாட்டை எழுதிய வில்லி நெல்சன் அப்போது நாஷ்வில்லுக்குப் புதியவர். அவருடைய மாதிரிப் பதிவு தாளத்துக்குப் பின்தங்கி, பாதி பேச்சாகப் போகும். அது பேட்ஸிக்கு ஒட்டவில்லை. கடைசியில் வாத்தியங்களை மட்டும் பதிந்து வைத்துவிட்டு, வலி குறைந்தபின் ஒரு நாள் வந்து அதன்மேல் பாடிக் கொடுத்தார். கன்ட்ரியில் 2, பாப்பில் 9.

மெல்லிசைக் குழுக்களில் பல வருடம் பாடியவள் என்ற முறையில் சொல்கிறேன். பாட்டின் முதல் சொல்லான 'கிரேஸி'யின் இரண்டு அசைகளைக் கவனியுங்கள். முதல் அசை உயரத்தில் நிற்கிறது, அடுத்தது வெகு கீழே இறங்குகிறது. சாதாரணப் பாடகிக்கு அந்த இறக்கத்தில் குரல் மெலிந்துவிடும். இவருக்குக் கீழே போகப் போகக் கனம் கூடுகிறது. ஃபிளாய்ட் கிரேமரின் பியானோ எங்கெங்கே இடைவெளி விடுகிறது என்பதையும் கேளுங்கள். அந்த இடைவெளிகளில் அவர் அவசரமே படுவதில்லை.

கே: ஹிட்டான பாட்டுகளை அவரே எழுதினாரா?

ப: இல்லை. 'ஐ ஃபால் டு பீசஸ்' ஹேங்க் காக்ரனும் ஹார்லன் ஹோவர்டும் எழுதியது. 'ஷீஸ் காட் யூ' காக்ரன் தனியாக எழுதியது.

கே: அவர் மறைந்த பிறகும் விற்பனை தொடர்ந்ததா?

ப: 1963 மார்ச் 5 அன்று, கான்சஸ் சிட்டியில் ஓர் உதவிக் கச்சேரியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், டென்னசியின் கேம்டன் அருகே சிறு விமானம் விழுந்து இறந்தார். வயது 30. அதே வருடம் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. 1967-இல் வந்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பு அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 1973-இல் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி இசை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். தனிப் பாடகியாக அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

கே: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ப: 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' பாட்டுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று 1957-இல் ஹிட்டானது. மற்றது 1961-இல் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் கூட்டுக் குரலோடு மறுபடி பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். என் ஓட்டு முதலாவதற்கு, அந்த ஸ்டீல் கிட்டாருக்காக. உங்களுக்கு எது பிடித்தது என்று எழுதுங்கள்.