ரேஸுக்குத் தயாரான சிவிக்கில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அண்ணே, தெரிந்தவர் ஒருவர் தன் ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2 காரை விற்கிறார். 2008ல் பதிவான வண்டி, சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) 2028 வரை இருக்கிறது. மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காகப் பின் சீட்டைக் கழற்றிவிட்டு ரோல் கேஜ் (உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு), பக்கெட் சீட், ரேஸ் பிரேக் பேட், கெட்டி சஸ்பென்ஷன் எல்லாம் போட்டிருக்கிறார். கொஞ்சம் கூடப் போட்டால், கைவைக்காத பழைய கோல்ஃப் ஜிடிஐ ஒன்றும் கிடைக்கும். தினமும் துவாஸ் வரை வேலைக்குப் போகவேண்டும், ஐந்து வயது மகளைப் பள்ளியில் விடவேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செப்பாங் போக ஆசை. ரேஸுக்குத் தயாரான கார் ரோட்டில் இன்னும் நன்றாகத்தானே ஓடும்?”

தம்பி, கோல்ஃபை வாங்குங்கள்.

கடைசியில் கேட்டீர்களே ஒரு கேள்வி, சிக்கல் அதில்தான் இருக்கிறது. ரேஸ் கார் என்றால் சாலைக் காரைவிட இரண்டு படி மேல் என்று நினைக்கிறோம். அது வேறு வேலைக்குச் செய்த வண்டி. சூடேறிய டயர், சூடேறிய பிரேக், மேடுபள்ளம் இல்லாத தளம், தலையில் ஹெல்மெட், இவ்வளவும் இருந்தால்தான் அது சொன்னபடி கேட்கும். துவாஸ் போகும் வழியில் இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.

பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்டார் என்று ரேஸ் பேட் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, “சத்தம் தாங்கவில்லை, வந்து பாருங்கள்” என்றார். காலை ஏழு மணி, இரவு பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அங் மோ கியோவில் அவர் புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஐந்தாவது மாடியிலிருந்து நானே வண்டியை இறக்கினேன். முதல் வளைவில் வழக்கமான அழுத்தம் கொடுத்தேன். வண்டி நிற்கவில்லை. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டி பாட்டுக்கு இறங்குகிறது. இரண்டு காலையும் வைத்து மிதித்த பிறகுதான் நின்றது, சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பழுது என்று ஒன்றுமே இல்லை. பல ரேஸ் பேடுகள் நூறு, இருநூறு டிகிரி சூடேறிய பிறகுதான் ஒழுங்காகக் கடிக்கும். டிராக்கில் அந்தச் சூடு ஒரே சுற்றில் வந்துவிடும். பள்ளி வாசலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போது உங்கள் டிஸ்க் குளிர்ந்துதான் கிடக்கும். அன்றைக்கே அந்தப் பேடைக் கழற்றினேன், கூலியும் வாங்கவில்லை.

டயரும் இதே கதைதான். ஸ்லிக் டயரில் தண்ணீரை வெளியே தள்ள வரிப்பள்ளம் கிடையாது. நம் ஊர் மழை பத்தே நிமிடத்தில் பிஐஇ விரைவுச்சாலையில் கண்ணாடித் தகடு மாதிரி தண்ணீரை விரித்துவிடும், அதன் மேல் ஸ்லிக் மிதக்கும். சட்டமும் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் கேட்கிறது.

சரி, சக்தியாவது கூடுதலா? போர்ஷே 911ல் 992 தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓடும் ஜிடி3, பந்தயத்தில் ஓடும் ஜிடி3 கப் இரண்டும் 510 குதிரைச் சக்தியில்தான் வந்தன. எடையில்தான் வித்தியாசம், சாலைக் கார் சுமார் 1,420 கிலோ, கப் கார் சுமார் 1,260. குறைந்த அந்த 160 கிலோவில் உங்களுக்கும் மகளுக்கும் வேண்டிய பல சாமான்கள் போய்விட்டன.

முடியவே முடியாதா என்றால், முடிந்தவர்கள் உண்டு. 1975ல் மார்ட்டினி & ரோஸி மதுபான நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த கவுண்ட் ரோஸி, போர்ஷே 917 ரேஸ் காருக்கு சைலன்சர், கண்ணாடி, சிக்னல் விளக்கு வைத்து, உள்ளே தோல் தைத்து, அமெரிக்காவின் அலபாமா மாநிலப் பதிவெண் வாங்கி, ஜெர்மனியிலிருந்து பாரிஸ் வரை ஓட்டிக்கொண்டே போனார். கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு சிஓஇ கவலையும் இல்லை, காஸ்வே நெரிசலும் இல்லை.

உங்கள் எஃப்டி2க்கு வருவோம். குறை சொல்ல முடியாத எஞ்சின். ஆனால் அதன் 225 குதிரைச் சக்தி 8,000 ஆர்பிஎம்மில் கிடைக்கிறது, இழுவிசையின் உச்சம் 6,100ல். இங்கே விரைவுச்சாலையில்கூட உச்ச வரம்பு 90 கிலோமீட்டர், அந்த எஞ்சின் கண்விழிக்கும் முன்பே நீங்கள் கேமராவில் மாட்டியிருப்பீர்கள். கோல்ஃப் ஜிடிஐயில் இழுவிசை குறைந்த ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, நெரிசலில் கைகொடுப்பது அதுதான். எஃப்டி2 ஹோண்டாவிலிருந்து வந்தபோதே முதுகை உடைக்கும் கெட்டி சஸ்பென்ஷன். அதன் மேல் இன்னும் கெட்டி ஸ்பிரிங் போட்டால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும். தரையைத் தொடாத டயருக்கு ஏது பிடிப்பு?

ரோல் கேஜைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஹெல்மெட் போட்டவனுக்கு அது பாதுகாப்பு. வெறும் தலையோடு உட்காருபவனுக்குக் காதுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாய், அவ்வளவுதான். அப்புறம் மகளை எங்கே உட்காரவைப்பீர்கள்? 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமென்றால் குழந்தை இருக்கை கட்டாயம். பின் சீட்டே இல்லாத காரில் அதை எதில் மாட்டுவது?

காகித வேலையும் பாருங்கள். பத்து வயது தாண்டிய கார் என்பதால் பரிசோதனை ஆண்டுதோறும். பதினான்கு வயதும் தாண்டிவிட்டதால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல். பத்து ஆண்டு முடிந்து சிஓஇயைப் புதுப்பித்தபோதே, காரைக் கைவிடும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி போய்விட்டது. எக்ஸாஸ்ட் மாற்றியிருந்தால் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) ஒப்புதல் தாளைக் கேளுங்கள். விற்பவர் “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கோல்ஃபோடு செப்பாங் போக என்ன வேண்டும்? அதிகம் வேண்டாம். பிரேக் ஆயிலை முதலில் மாற்றுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும், அதுவும் 5.543 கிலோமீட்டர் சுற்றில் நீண்ட நேர்பாதையின் முடிவில். பேடில், குளிரிலும் கடித்துச் சூட்டிலும் தாங்கும் சாலை, டிராக் இரண்டுக்குமான ரகம் இருக்கிறது, அதைப் போடுங்கள். மூன்று நான்கு சுற்று விரட்டிவிட்டு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நின்றதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூட்டில் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். வழக்கமான காப்புறுதி டிராக்கில் நடப்பதை ஏற்காது, கிளம்பும் முன் உங்கள் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது டேங்கில் சட்டம் கேட்கும் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் பாதிப்பேர் திரும்பி வருகிறார்கள்.