கல்வெட்டு படிக்க எனக்கு ஆசான் கிடைத்த விதம்

கேள்வி: புதிதாக ஒரு திறனைக் கற்க நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்களுக்கு எழுதினால் பதில்கூட வருவதில்லையே?

எனக்கும் வரவில்லை. நான் கற்க நினைத்தது கல்வெட்டு படிக்க. வேலை வங்கியில், படிப்பு பி.காம். நாலைந்து வருடம் முன்பு மூன்று அறிஞர்களுக்கு உருகி உருகி மின்னஞ்சல் எழுதினேன். 'சிறு வயதிலிருந்தே வரலாற்றில் தீராத ஆர்வம், தாங்கள் எனக்கு வழிகாட்ட வேண்டும்' என்று ஒன்றரைப் பக்கம். மூவரும் மௌனம். அப்போது கோபம் வந்தது. இன்று அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தால் நானே பதில் போட மாட்டேன். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்றே அதில் இல்லை.

பிறகு தனியாகவே தொடங்கினேன். கல்வெட்டு வாசகங்களை அச்சிட்டுத் தரும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல் வரிசையின் முதல் தொகுதி 1890-லேயே அச்சானது. இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் வாசகம் இருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு கோயிலுக்கே போய், சுவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். பெரிய கோயில் எழுத்து அழகாக, நிதானமாக வெட்டியது. புதியவர்களுக்கு அதைவிட நல்ல பலகை கிடையாது. 'நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்' என்று ராஜராஜன் சொல்லும் வரியைத் தாளைப் பார்க்காமல் படித்த அன்று, தலை கால் புரியவில்லை.

அந்தத் திமிரில் கும்பகோணம் பக்கம் ஒரு சின்னச் சிவன் கோயிலில் ஒரு வரியைப் படித்தேன். 'அரைக்கரணி' என்று வந்தது. அகராதியில் 'கரணி'க்குக் கிடைத்த பொருள் எதுவும் அங்கே ஒட்டவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த ஊர்ப்பக்கம் கல்வெட்டு படிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு எண்ணை வாங்கி, இந்த முறை கடிதம் எழுதவில்லை. படம் ஒன்று, அதற்குக் கீழே நான் படித்தது, 'ஐயா, ஐந்தாவது எழுத்தில் சந்தேகம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் ஃபோனே வந்துவிட்டது. "அது ரகரம் இல்லைங்க, துணைக்கால். அரைக்காணி. நில அளவுங்க, ஒரு வேலியில எண்பதுல ஒண்ணு காணி. அரைக்காணின்னா? பேங்க்ல இருக்கீங்கதானே, கணக்குப் போடுங்க."

நூற்றி அறுபதில் ஒன்று. பழைய எழுத்தில் பல இடங்களில் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வேறுபாடும் கிடையாது, 'கோயில்' என்பது 'கொயில' என்றுதான் கல்லில் நிற்கும். வரியின் பொருள் தெரிந்தால்தான் எழுத்து எது என்று தெரியும், எழுத்து தெரிந்தால்தான் பொருள் தெரியும். இந்த முடிச்சைப் புத்தகம் அவிழ்க்காது. ஆள் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

ஆக, என் அனுபவத்தில் வழி இதுதான்: ஆர்வத்தைக் காட்டாதீர்கள், தப்பைக் காட்டுங்கள். செய்துபார்த்துத் தடுக்கிய இடத்தைத் துல்லியமாகக் கொண்டுபோய் வைத்தால், விஷயம் தெரிந்தவருக்கு அதைத் திருத்தாமல் இருக்க முடியாது. கை பரபரக்கும். 'கற்றுக்கொடுங்கள்' என்பது பெரிய பாரம். 'இந்த எழுத்து என்ன?' என்பது இரண்டு நிமிட வேலை. அப்படி ஏழெட்டுத் தடவை கேட்ட பிறகு அவரே சொன்னார், "ஞாயித்துக்கிழமை மைப்படி எடுக்கப் போறோம், அனுமதி வாங்கியாச்சு. ஒரு வாளி எடுத்துட்டு வாங்க தம்பி."

முதல் மூன்று மாதம் நான் தண்ணீர்தான் சுமந்தேன். மைப்படி என்பது கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது: கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டி, பாதி காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அவர் எதையும் பாடமாகச் சொன்னதில்லை. தட்டிக்கொண்டே வாய்க்குள் படிப்பார், நான் பக்கத்தில் நின்று கேட்பேன். "சாவா மூவாப் பேராடு தொண்ணூறு" என்று ஒருமுறை படித்துவிட்டுச் சிரித்தார். கோயில் விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும், அதற்கு விட்ட ஆடு சாகவும் கூடாது கிழடாகவும் கூடாது. செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்வார்கள். "உங்க பேங்க்ல வட்டி மட்டும் எடுக்கறதில்ல? அதுதான்."

திட்டும் வாங்கியிருக்கிறேன். எழுத்து தெளிவாகத் தெரியட்டுமே என்று கல்லில் மைதா மாவு பூசப் போனவனைக் கையில் ஒரு தட்டு தட்டினார். மாவு வேண்டாம், சாயங்காலம் இருட்டிய பிறகு பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் போதும், நிழல் பள்ளத்தில் விழுந்து எழுத்து தானாக நிற்கும்.

நடுவில் இன்னொருவரிடமும் மாட்டிக்கொண்டேன். நாலு மாதம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்ததுதான் மிச்சம். நம் ஆசிரியருக்கும்தான் எடுபிடி வேலை செய்தேன், ஆனால் இங்கே வாளியைத் தூக்கினால் கல்லுக்கு முன்னால் நிற்கலாம், அங்கே கல்லே கண்ணில் படவில்லை. அதோடு, எந்த எழுத்தைக் காட்டினாலும் அவரிடம் உடனே பதில் இருந்தது. நம் ஆசிரியர் பாதி நேரம் "தெரியல, இன்னொரு நாள் வேற வெளிச்சத்துல பாப்போம்" என்பார். யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் இதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

பணம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஒருமுறை உறையில் வைத்து நீட்டினேன், முகம் சுண்டிப்போய்விட்டது. இப்போது தாளும் மையும் என் செலவு, பஸ் டிக்கெட்டும் நான்தான் எடுப்பேன். டீ மட்டும் அவர் வாங்கித் தருவார். அதில் பேச்சுக்கே இடமில்லை.