பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்கலாமா? பெங்களூரில் வீடு கட்டுவோருக்கு ஒரு கட்டடப் பொறியாளரின் பதில்கள்

அல்சூரிலிருந்து ஒரு சகோதரி: 30க்கு 40 சைட். பக்கவாட்டில் 2 அடிதான் விட்டிருக்கிறோம். அந்தப் பக்கம் படுக்கையறைக்குப் பெரிய ஜன்னல் வேண்டும் என்கிறார் மாமியார்.

வேண்டாம்மா, தீ பரவும் ஆபத்து இருக்கிறது. 9 அங்குலச் செங்கல் சுவர் பல மணி நேரம் நெருப்பைத் தாங்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியோ சில நிமிடங்களிலேயே விரிசல் விட்டு உதிரும். அப்புறம் அது வெறும் ஓட்டை. தீ நாக்கு வந்து தொட வேண்டியதில்லை. பக்கத்து வீடு எரிந்தால் அதன் ஜன்னலிலிருந்து அடிக்கும் அனலே உங்கள் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும். முன்னும் பின்னும் ஜன்னல் வையுங்கள், வீட்டின் நடுவில் கூரையில்லாமல் வானம் பார்த்த திறந்தவெளி (ஓடிஎஸ்) விடுங்கள். மாமியார் கேட்கும் காற்றும் வெளிச்சமும் அதில் கிடைக்கும்.

ஸ்ரீராமபுரம் வாசகர்: பக்கத்து மனை காலியாகத்தானே கிடக்கிறது சார்?

இன்றைக்குக் காலி. நாளைக்கு அவர் எல்லையை ஒட்டியே எழுப்பினால் உங்கள் ஜன்னலை என்ன செய்வீர்கள்? அதனால்தான் அமெரிக்க விதிகளில் உங்கள் சுவரிலிருந்து தூரத்தை எதிர்ச்சுவர் வரை அளப்பதில்லை, மனையின் எல்லைக்கோடு வரை அளக்கிறார்கள். பக்கத்தில் தெரு இருந்தால் அதன் நடுக்கோடு வரை. ஒரே மனையில் இரண்டு கட்டடம் என்றால் நடுவே ஒரு கற்பனைக்கோடு. அவரவர் பங்கு இடைவெளியை அவரவர் மனையிலேயே விட வேண்டும் என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

ஜீவனஹள்ளி வாசகர்: தம்பி டெக்சாஸில் கடை கட்டுகிறான். ஜன்னலுக்கு சதவீதக் கணக்கு சொல்கிறார்களாமே?

ஆமாம். அந்தந்த மாடிச் சுவரின் பரப்பில் எத்தனை சதவீதம் திறப்பு என்பதுதான் கணக்கு. எல்லைக்கு 3 அடிக்குள் திறப்பே கூடாது. 3 முதல் 5 அடிக்குள் என்றால் ஸ்பிரிங்க்ளரோ (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) தீ தாங்கும் ஜன்னலோ இருந்தால் மட்டும் 15 சதவீதம். 5 முதல் 10 அடிக்குள் சாதாரண ஜன்னல் 10 சதவீதம், ஸ்பிரிங்க்ளர் போட்டால் 25. 40 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்றால், 40 சதுர அடி ஜன்னல் ஸ்பிரிங்க்ளரால் 100 சதுர அடி ஆகிறது. 30 அடி தள்ளிவிட்டால் வரம்பே இல்லை. இது அங்குள்ள சட்டம். இங்கே உங்கள் பிளானுக்கு மாநகராட்சியின் செட்பேக் விதிதான், அதாவது மனை ஓரத்தில் விட வேண்டிய காலியிட விதிதான் செல்லும். ஆனால் அனலின் குணம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

மர்ஃபி டவுன் வாசகி: கீழ்வீட்டில் தீப்பிடித்தால் எங்கள் மாடி ஜன்னலுக்கு ஏறுமா?

ஏறும். ஜன்னலை உடைத்துக்கொண்டு வரும் தீ சுவரை ஒட்டியே மேலே போகும். ஸ்பிரிங்க்ளர் இல்லாத உயரமான கட்டடங்களில் மேல் ஜன்னலுக்கும் கீழ் ஜன்னலுக்கும் நடுவே 3 அடி தீ தாங்கும் சுவர், அல்லது 30 அங்குலம் வெளியே நீட்டிய தடுப்பு வேண்டும் என்கிறது அதே அமெரிக்க விதி. நம் வீட்டு கான்கிரீட் சன்ஷேடு மழையைத் தடுப்பதோடு இந்த வேலையையும் ஓரளவு செய்கிறது. முகப்பு அழகாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

இந்திராநகரில் அலுவலகம் நடத்துபவர்: முழுக் கண்ணாடி முகப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணாடிக்கும் தளத்துக்கும் இடையே விடும் இடுக்கை. அதை ஒவ்வொரு தளத்திலும் தீ தாங்கும் பொருளால் அடைக்கச் சொல்கிறது 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அடைக்காவிட்டால் அதுவே புகைபோக்கி. உயரமான கட்டடத்தில் முகப்பில் 10 மீட்டருக்கு ஒன்றாகத் திறக்கக்கூடிய கண்ணாடிப் பலகமும் வேண்டும். 2010இல் பழைய விமான நிலையச் சாலை கார்ல்டன் டவர்ஸ் தீயில் 9 பேர் இறந்தார்கள். புகைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்தவர்களும் உண்டு. உங்கள் பலகங்களின் முன்னால் பீரோ நிற்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள்.